மனு வேறு, வேலைக் கடிதம் வேறு

(ரஞ்சன்குடியில் வேலை தேடும் இளைஞர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளே!

உங்கள் ஊர்க் கோட்டையிலிருந்தே தொடங்குகிறேன். ஆற்காட்டு நவாபுக்குக் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது என்கிறார்கள். பாறை மேட்டில் செதுக்கிய கல்லை அடுக்கி, அரைவட்டக் கொத்தளங்கள் வைத்து, சுற்றிலும் அகழி வெட்டியிருக்கிறார்கள். 1751-இல் ஆங்கிலேயர் பக்கம் நின்ற முகம்மது அலிக்கும் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற சந்தா சாகிபுக்கும் நடந்த வாலிகொண்டாப் போரில் இந்த இடமும் அடிபட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

அகழியும் பாறையுமாக நிற்கிற இப்படிப்பட்ட கோட்டைகளைப் பிடிக்கத் தெரியும் என்று சொல்லி ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். நம் கோட்டைக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால், இத்தாலியில். அவர் பெயர் லியொனார்டோ டா வின்சி.

மோனாலிசாவை வரைந்த அதே ஆள்தான். 1482 வாக்கில் அவருக்கு முப்பது வயது. பிளாரன்ஸ் நகரத்தில் ஓவியராகப் பெயர் எடுத்துக்கொண்டிருந்தவர், மிலான் நகரத்தை ஆண்டுகொண்டிருந்த லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அதன் படி ஒன்று இன்றும் மிலானில் அம்புரோசியானா நூலகத்தில் இருக்கிறது. கடிதத்தில் வரிசை எண் போட்டுத் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார். தூக்கிக்கொண்டு போகக்கூடிய லேசான பாலம் கட்டத் தெரியும். முற்றுகை போடும்போது அகழித் தண்ணீரை வடிக்கத் தெரியும். பீரங்கியால் அடிக்க முடியாத இடத்தில், பாறைமேல் கட்டின கோட்டையானாலும் அதைத் தகர்க்க வழி தெரியும். சத்தமில்லாமல் சுரங்கம் தோண்டத் தெரியும். எதிரிப் படைக்குள் புகுந்து போகிற மூடுவண்டி செய்யத் தெரியும். இப்படியே போகிறது பட்டியல். எல்லாம் முடிந்து கடைசியில், சமாதான காலத்தில் கட்டடமும் கட்டுவேன், தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவேன், பளிங்கிலும் வெண்கலத்திலும் களிமண்ணிலும் சிலை செய்வேன், ஓவியத்திலும் எவருக்கும் இளைத்தவன் இல்லை என்று முடிக்கிறார். சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்றும் ஒரு வரி.

உலகத்தின் மிகப் பெரிய ஓவியர்களில் ஒருவர், தன் ஓவியத்தைக் கடிதத்தின் கடைசிப் பகுதியில் வைத்தார். காரணம் எளிது. மிலானைச் சுற்றிப் பகைவர்கள். ஸ்போர்சா ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தது சுவரில் என்ன படம் வரையலாம் என்பதை அல்ல. கடிதத்தைப் படிக்கப்போகிறவருக்கு என்ன தலைவலி என்று லியொனார்டோ முதலில் யோசித்தார். தனக்கு எது பெருமை என்பதைப் பிறகு யோசித்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றை அவர் அதுவரை செய்து பார்த்தவர் இல்லை; மனசிலும் காகிதத்திலும் வைத்திருந்தார். அவர் லியொனார்டோ, பிழைத்துக்கொண்டார். நாம் வெல்டிங் தெரியும் என்று எழுதிவிட்டுப் போனால், ஆலை வாசலிலேயே இரண்டு தகடும் ஒரு ராடும் கொடுத்து ஒட்டு பார்க்கலாம் என்பார்கள். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசையை, அளப்பை அல்ல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இதைவிட நல்ல உதாரணம் நம்மிடமே இருக்கிறது. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் என்கிற கணித மேதையின் பெயர் தெரியாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். அவர் எழுதிய வேலை விண்ணப்பத்தைப் படித்தவர் எத்தனை பேர் என்பதுதான் சந்தேகம்.

1912 பிப்ரவரி 9. திருவல்லிக்கேணியில் குடியிருக்கிறார். கலியாணம் ஆகி மூன்று வருடம் ஆகப்போகிறது. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போய்விட்டது. சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கணக்கில் புலி, மற்றப் பாடங்களில் தோல்வி. நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் கொஞ்சம் பணம் கொடுத்து வந்தார். அதை வாங்கிக்கொண்டே காலம் தள்ள ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. அந்த நாளில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்.

மொத்தமே ஐந்தாறு வாக்கியம். உங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலி என்று அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்பது முதல் வாக்கியம். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியவில்லை என்பது அடுத்தது. அதன்பின், என் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு அதை வளர்த்து வருகிறேன். வேலை கொடுத்தால் அதைச் சரியாகச் செய்வேன் என்ற உறுதி எனக்கு உண்டு. ஆகவே இந்த இடத்தை எனக்குத் தர வேண்டுகிறேன். அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தில் எது இல்லை என்று பாருங்கள். மனைவி இல்லை. வயதான அப்பா அம்மா இல்லை. கல்லூரியில் எந்த வாத்தியார் எப்படி நடத்தினார் என்ற புகார் இல்லை. தோற்ற கதையை மறைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதற்கு உடனே வந்துவிடுகிறார். படிப்பில் இடைவெளி உள்ளவர்கள், அரியர் உள்ளவர்கள், கலியாணம் ஆகிக் குழந்தை பிறந்து ஐந்து வருடம் கழித்து வேலைக்குத் திரும்புகிற பெண்கள் எல்லாரும் அந்த ஒரு வரியைப் பத்துத் தடவை படிக்கலாம். இடைவெளி குற்றமில்லை. அதை ஒரு பக்கத்துக்கு விளக்கினால்தான் படிக்கிறவருக்குச் சந்தேகம் வரும்.

கூடவே ஒரு பரிந்துரை வைத்திருந்தார். மாநிலக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த மிடில்மாஸ்ட் கொடுத்தது. கணிதத்தில் அசாதாரணத் திறமை உள்ளவர் என்று சொல்லிவிட்டு, எண்களைக் கூட்டிக் கழிப்பதில் இவருக்கு இயல்பான கைவேகம் உண்டு என்றும் அதில் எழுதியிருந்தார். அந்த இரண்டாவது வரிக்குத்தான் என் கும்பிடு. துறைமுக ஆபீசுக்கு முடிவிலித் தொடர் எதற்கு? கணக்குப் புத்தகத்தைத் தப்பில்லாமல் கூட்ட ஓர் ஆள் வேண்டும். ஒரு மேதையின் மூளையை, குமாஸ்தா வேலைக்கு என்ன பயன் என்ற கணக்கில் மாற்றிச் சொன்னார் அந்தப் பேராசிரியர். மார்ச் 1-ஆம் தேதி ராமானுஜன் வேலையில் சேர்ந்தார். மாதம் முப்பது ரூபாய்.

அந்தக் கடிதம் மட்டுமே வேலை வாங்கித் தந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். துறைமுகக் கணக்குப் பிரிவில் தலைமை இடத்தில் இருந்த நாராயண ஐயரே கணித ஆர்வலர். இராமச்சந்திர ராவுக்கும் துறைமுகக் கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கைத் தெரியும். தெரிந்த ஆள் இருந்தால் வேலை கிடைப்பது சுலபம் என்பது அன்றைக்கும் உண்மை. உங்களுக்குத் தெரிந்த ஆள் இருந்தால் தாராளமாகச் சொல்லி வையுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்த ஆள் உள்ளே போய்ப் பேசும்போது, அவர் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டும். அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாவிட்டாலும் அவரைத் தலைகுனிய வைக்கக் கூடாது.

ஒரு வருடத்துக்குள் அதே மனிதர் இன்னொரு கடிதம் எழுதினார். 1913 ஜனவரி 16, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு. இங்கே படிக்கப்போகிற ஆள் மாறுகிறார், கடிதமும் மாறுகிறது. துறைமுக ஆபீசில் குறைந்த சம்பளக் குமாஸ்தா நான் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்கிறார். கூடவே ஏறத்தாழ 120 தேற்றங்களைத் தாள் தாளாக எழுதி இணைக்கிறார். நான் ஏழை, ஆகவே இவற்றில் மதிப்பு இருப்பதாக நினைத்தால் வெளியிட உதவுங்கள் என்று கேட்கிறார். இதற்கு முன் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. ஹார்டியும் முதலில் இது ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தார். பிறகு சக கணித அறிஞர் லிட்டில்வுட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்து இணைப்பைப் படித்தார். ஹார்டியை அசைத்தது கடிதத்தின் வார்த்தைகள் அல்ல, அந்த இணைப்பு.

(வயது ஏறத்தாழ 23 என்று அதில் எழுதியிருந்தார். உண்மையில் 25 முடிந்திருந்தது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இப்போது ஆதாரில் பிறந்த தேதி இருக்கிறது.)

ஹார்டி பதில் எழுதிய பிறகு, பிப்ரவரி கடைசியில் ராமானுஜன் எழுதிய மறுகடிதத்தில்தான் பசி வருகிறது. அரைப் பட்டினி மனிதன் நான், மூளையைக் காப்பாற்றச் சோறு வேண்டும், நீங்கள் அனுதாபத்துடன் ஒரு கடிதம் எழுதினால் இங்கே உதவித்தொகை கிடைக்க உதவும் என்று மனம் திறந்து கேட்கிறார். அந்த வருடமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. தேவையைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்னார், அழுத்தமாகவே சொன்னார். ஆனால் வேலையைக் காட்டி, எதிரில் இருப்பவர் அதை மதித்து, பதிலும் போட்ட பிறகு சொன்னார்.

நம்மிடம் உள்ள சிக்கல் இந்த வரிசையில்தான் இருக்கிறது. ஆலைகளுக்கு ஆள் எடுக்கிற மேசையில் உட்கார்ந்து பல வருடம் தாள்களைப் படித்தவன் நான். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கொடுக்கிற கடிதங்களில் பெரும்பகுதி திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில், மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிற மனுவின் அச்சாகவே இருக்கும். அனுப்புநர், பெறுநர், பொருள். ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். என் தந்தை விவசாயக் கூலி. எங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு எனக்கு ஒரு வேலை வழங்கி ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கடைசியில், இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.

இதில் பொய் ஒன்றுமில்லை. பட்டா மாறுதலுக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ இதுதான் சரியான முறை. அங்கே உங்கள் தேவைதான் ஆதாரம். கொடுப்பது அரசின் கடமை, கேட்பது உங்கள் உரிமை. மூன்று தலைமுறையாக நம் வீடுகளில் எழுத்து என்றால் இந்த எழுத்துதான். அப்பாவுக்காக மனு எழுதிப் பழகிய கை, வேலைக்கு எழுதும்போதும் அதே வரியில் போகிறது. ஆனால் ஆலைக்காரர் கையில் முந்நூறு தாள் இருக்கிறது. முந்நூறு வீட்டிலும் கஷ்டம் இருக்கிறது. கஷ்டத்தை வைத்து அவர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? அவர் மண்டையில் ஓடுவது வேறு. இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் போதவில்லை, ஸ்டோரில் இருப்புக் கணக்கு இடிக்கிறது, போன மாதம் சேர்த்த நாலு பேரில் இருவர் நின்றுவிட்டார்கள். அந்தக் கவலைக்கு உங்கள் தாளில் ஏதாவது பதில் இருக்கிறதா என்றுதான் தேடுவார். அதுவும் அரை நிமிடம் தேடுவார்.

எனக்கு என்ன அனுபவம் இருக்கிறது, எழுதுவதற்கு ஒன்றுமே இல்லையே என்று கேட்கிற பிள்ளைகள் நிறைய. நம் ஊரில் ஒன்றும் செய்யாமல் வளர்ந்த பிள்ளை யார்? மக்காச்சோளமும் பருத்தியும் வெங்காயமும் விளைகிற மாவட்டம் இது. கமிஷன் மண்டியில் எடை போட்டுச் சிட்டை எழுதியிருப்பான் ஒருவன். பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் அளந்து, கொழுப்புப் பார்த்து, பத்து நாளைக்கு ஒரு தடவை பட்டுவாடாக் கணக்குப் போட்டிருப்பாள் ஒருத்தி. அம்மாவின் மகளிர் குழுவுக்குத் தீர்மான நோட்டும் சேமிப்புப் பதிவேடும் எழுதுவது வீட்டில் படிக்கிற பெண்தான். சித்தப்பாவின் மின்மோட்டார் காயில் கட்டும் கடையில் லீவு நாளெல்லாம் உட்கார்ந்த பையன், ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் சான்றிதழை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறான். சம்பளம் வாங்கவில்லையே, அதனால் அது வேலை இல்லை என்று நினைத்துக்கொள்கிறான். சம்பளம் வராத வேலையும் வேலைதான்; எவ்வளவு காலம், என்ன அளவு, யார் மேற்பார்வை என்று சொல்ல முடிந்தால் போதும்.

ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை வந்திருக்கிறது. அதுபோல ஓர் ஆலையில் டைம் ஆபீசுக்கு, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவு பார்க்கிற பிரிவுக்கு, ஓர் உதவியாளர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பி.காம். படித்து ஒரு தாள் பாக்கி வைத்திருக்கிற ஒரு பெண் விண்ணப்பிக்கிறாள். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவள். அவள் இப்படி எழுதலாம்:

“ஐயா, வணக்கம். தங்கள் ஆலையில் டைம் ஆபீஸ் உதவியாளர் இடம் இருப்பதை அறிந்து விண்ணப்பிக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஊராட்சியில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். தினமும் நாற்பது பேருக்குக் கைப்பேசிச் செயலியில் படத்துடன் வருகை ஏற்றுவதும், வருகைப் பட்டியலைச் சரிபார்த்து ஒப்படைப்பதும் என் பொறுப்பு. பெயர் விடுபட்டதாக வந்த புகார்களையும் நானே பார்த்துத் திருத்தினேன். பி.காம். படித்தேன், ஒரு தாள் பாக்கி, வரும் தேர்வில் எழுதுகிறேன். எக்செல்லில் பட்டியல் போடத் தெரியும். ஷிப்டு மாற்றி வரத் தயார். ஒருநாள் வந்து வேலை செய்து காட்டச் சொன்னாலும் வருகிறேன்.”

இவ்வளவு போதும். ஏழை என்று அவள் சொல்லவில்லை. படிக்கிறவருக்குத் தானே தெரியும். நாற்பது பேரின் வருகையைப் பதிந்து, சண்டை வந்தால் தீர்த்து வைத்த ஆள் என்பதுதான் டைம் ஆபீஸ்காரருக்கு வேண்டும். நேர்மையானவள், கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவதில் வல்லவள் என்றெல்லாம் எழுதத் தேவையே இல்லை. அந்த வார்த்தைகளை எழுதாத தாளை நான் பார்த்ததில்லை. எழுதியதால் ஒருவரை எடுத்ததும் இல்லை.

ஆங்கிலத்தில்தானே கேட்பார்கள் என்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். முதலில் தமிழில், எதிரில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி எழுதுங்கள். பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் போடுங்கள். இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தோ எடுத்த ஜரிகை வார்த்தைகள் நேர்காணலில் காலை வாரிவிடும். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் உங்களால் உங்கள் வாயால் சொல்ல முடிய வேண்டும். செயலியிடம் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்கள், தப்பில்லை. உங்களுக்குத் தெரியாத உங்கள் அனுபவத்தை அது எழுத விடாதீர்கள்.

இனி சுயவிவரத் தாள். ஜெராக்ஸ் கடையில், பிரவுசிங் சென்டரில் ஒரு மாதிரி வைத்திருப்பார்கள். பெயரை மட்டும் மாற்றி எடுத்துக் கொடுப்பார்கள். பூப்போட்ட ஓரம், நடுவில் பெரிதாகத் தலைப்பு, கலியாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். அதிலே தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, கடைசியில் மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழி. ஒரே கடையில் எடுத்த நாற்பது பேருக்கும் பாட்டுக் கேட்பதுதான் பொழுதுபோக்கு. ஒருவருக்காவது கபடி பிடிக்காதா?

மதம், சாதி என்ற அந்த இரண்டு வரியை எடுத்துவிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். அரசு வேலைக்கு இனச்சுழற்சி உண்டு, சாதிச் சான்றிதழ் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும், அது உரிமை. தனியார் ஆலைக்கு அது எதற்கு? சுக்தேவ் தோராட், பால் ஆட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செய்தித்தாளில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு, முஸ்லிம் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. தகுதி அதேதான். பெயரைப் பார்த்தே இந்த நிலை என்றால், கேட்காமலே சாதியை எழுதி நீட்டுவானேன்? 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அதனால் நம் பெயர்களில் வால் இல்லை. பெயரில் இல்லாத வாலை நாமே கொண்டுவந்து சுயவிவரத்தில் ஒட்ட வேண்டாம். கலியாணம் ஆயிற்றா இல்லையா என்பதும் அப்படித்தான், குறிப்பாகப் பெண்களுக்கு.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு முறை வேறு. அங்கே படம் கேட்பார்கள், பாஸ்போர்ட் விவரம் கேட்பார்கள், ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் முகவர் மூலம் போவதானால், அரசிடம் பதிவு பெற்றவர் மூலமாக மட்டுமே போக வேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்று வாட்சப்பில் வருகிறவனுக்கு உங்கள் சுயவிவரத்தை அனுப்பவே அனுப்பாதீர்கள். எந்தச் சுயவிவரத்திலும் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கக் கூடாது. வேலை உறுதியாகிச் சம்பளம் போடும் நாளில் கொடுத்தால் போதும்.

புதிதாகப் படித்து வந்தவர்களுக்குச் சுயவிவரம் ஒரு பக்கம் போதும். கடைசியாகச் செய்ததை மேலே போடுங்கள். பத்தாவது மதிப்பெண்ணைக் கொட்டை எழுத்தில் மேலே வைத்து, ஆறு மாதம் அப்ரெண்டிசாக இருந்ததைக் கீழே சின்னதாக வைக்கிற பழக்கத்தை விடுங்கள். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன, நாரணமங்கலத்தில் டயர் ஆலை இருக்கிறது. அப்ரெண்டிஸ் காலத்தில் எந்தப் பிரிவில் நின்றீர்கள், எந்த எந்திரத்தில் கை வைத்தீர்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக வரும். கன்வேயர் பெல்ட் ஒட்டியிருக்கிறேன், பேரிங் மாற்றியிருக்கிறேன் என்று எழுதுங்கள். மெயின்டனன்ஸ் அனுபவம் உண்டு என்று மொட்டையாக எழுதினால் ஒன்றும் தெரியாது. நான் முதல்வன் திட்டத்தில் ஏதாவது பயிற்சி முடித்திருந்தால் பயிற்சியின் பெயரோடு, அதில் என்ன செய்யக் கற்றீர்கள் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆலைகளில் பல வேலைகளுக்கு ஒப்பந்தக்காரர்கள் நேரடியாகவே ஆள் எடுக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே தாள் கேட்க மாட்டார்கள். நிரந்தர இடத்துக்குப் பெயர் கேட்கும் நாளில் தாள் கேட்பார்கள். அன்றைக்கு ஓடிப்போய் ஜெராக்ஸ் கடையில் நிற்காமல் இருந்தால் சரி.

பெரிய நிறுவனங்கள் இணையத்தில் வாங்குகிற விண்ணப்பங்களை முதலில் மென்பொருள் படித்துப் பிரிக்கிறது. கட்டம் கட்டினாலும், இரண்டு பத்தியாகப் பிரித்தாலும், எழுத்தைப் படமாக ஒட்டினாலும் அதற்குப் பல நேரம் சரியாகப் படிக்கத் தெரிவதில்லை. நேரான வரிகள், சாதாரண எழுத்துரு, பி.டி.எஃப். கோப்பு. விளம்பரத்தில் ஃபிட்டர் என்று இருந்தால் நீங்களும் ஃபிட்டர் என்றே எழுதுங்கள். மெக்கானிக்கல் டெக்னீசியன் என்று அலங்காரம் பண்ணினால் மென்பொருள் தாண்டிப் போய்விடலாம். கோப்புக்கு உங்கள் பெயரும் வேலையின் பெயரும் வையுங்கள். நியூ ஃபைனல் டூ என்று பெயர் வைத்த கோப்பு, திறக்கப்படாமலே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மின்னஞ்சலில் அனுப்பும்போது, உள்ளே ஒன்றும் எழுதாமல் கோப்பை மட்டும் இணைத்து அனுப்புகிறவர்கள் பாதிப் பேர். அந்தக் காலி இடத்தில்தான் கடிதம் வர வேண்டும். பொருள் என்ற இடத்தில் எந்த வேலை, எந்த ஊர் ஆலை என்று எழுதுங்கள். முகவரியும் உங்கள் பெயரில் ஒன்று ஆரம்பித்துக்கொள்ளுங்கள்; தல, தளபதி முகவரிகளை நண்பர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொலைபேசி எண் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. நல்ல தாள், நல்ல கடிதம், நேர்காணலுக்குக் கூப்பிடலாம் என்று எண்ணைப் போட்டால், இந்த எண் உபயோகத்தில் இல்லை. ரீசார்ஜ் சலுகைக்காக சிம்மை மாற்றியிருப்பான் பையன். அல்லது அப்பா எண்ணைக் கொடுத்திருப்பான். அவர் வயலில் இருப்பார், தெரியாத எண் என்று எடுக்க மாட்டார். ஆள் எடுப்பவர் இரண்டு தடவை கூப்பிடுவார், மூன்றாவது தடவை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஒரு எண்ணைக் குறைந்தது ஒரு வருடமாவது உயிரோடு வைத்திருங்கள். வீட்டில் இன்னொருவர் எண்ணையும் இரண்டாவதாகப் போடுங்கள். எங்கெங்கே, எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அழைப்பு வரும்போது எந்தக் கம்பெனி சார் என்று கேட்டு நிற்பதைப் போல ஒரு பரிதாபம் இல்லை.

நான் பேசுவது இத்துடன் போதும். கூட்ட அமைப்பாளர்கள் சொன்னபடி பலரும் தாளோடு வந்திருப்பதைப் பார்க்கிறேன். கொண்டுவந்தவர்கள் இந்த மேசையில் வையுங்கள், ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்தே படிப்போம். தாள் இல்லாதவர்கள், போன வருடம் முழுக்க என்னென்ன செய்தீர்கள் என்பதைத் தமிழில் அரைப் பக்கம் எழுத ஆரம்பியுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து முதலில் வாருங்கள்.